நாலாவது டின்

கரையில் மூன்று டின்கள் காலியாகக் கிடந்தன. நாலாவதற்குள் தண்ணீர் தளும்பியது.

சுடலையைக் கம்பளி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் சாந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. புருஷன் போனது எஸ்டேட் லயத்தில் அடுத்த வீட்டுக்காரிக்கு நடந்தது போலிருந்தது.

மாட்டுப்பட்டி அணை நிறைந்த பிறகு, அக்கரை எஸ்டேட்டுக்கு வள்ளத்தில் அரிசி மூட்டை கொண்டுபோவது சுடலையின் வேலை. மலையிலேயே பிறந்தவன், நீச்சல் தெரியாது. தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் அந்தத் தண்ணீருக்குத் தன்னைக் கடல் என்று நினைப்பு. அலை வள்ளத்தைப் பந்தாடும். அதனால் வாய் அடைத்த காலி மண்ணெண்ணெய் டின்களை இருபுறமும் இரண்டிரண்டாகக் கட்டியிருந்தான். வள்ளம் சாய்ந்தால் டின் தாங்கும். போன மழைக்காலம் முழுக்கத் தாங்கவும் செய்தது.

இன்று காலை இடப்பக்கத்து டின் ஒன்று தண்ணீர் குடித்துவிட்டது. வள்ளம் அந்தப் பக்கமே புரண்டது.

டின்களை ஈயம் வைத்து அடைத்தவர் மொய்தீன் பாய். பாலக்காட்டிலிருந்து வந்து, லயம் லயமாகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள்.

"நீ பத்த வச்ச லட்சணத்தப் பாருய்யா! ஒரு உசுரு போச்சே!" என்று கங்காணி சுருளிவேல் டின்னை அவர் பக்கம் உதைத்தார்.

பாய் குனிந்து டின்னைப் புரட்டினார். அவர் வைத்த ஈயம் அப்படியே இருந்தது. அடி மடிப்பில் ஆணி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே தண்ணீர் பீச்சியது. கூடவே கொஞ்சம் வெள்ளை நுரை.

தொட்டு முகர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். சாந்தம்மாளின் கண் மட்டும் அந்த நுரையை விட்டு நகரவில்லை.

மண்ணெண்ணெய் டின் ஒழுகினால் லயத்துப் பெண்கள் ஈயத்துக்குக் காத்திருக்கமாட்டார்கள். பார் சோப்பைக் கிள்ளி, நனைத்து, ஓட்டையில் அப்பிவிடுவார்கள். எண்ணெய்க்கு அது வருஷக்கணக்கில் நிற்கும்.

முந்தாநாள், கரையேற்றி வைத்த வள்ளத்தில் அந்த ஓட்டையைப் பார்த்தவள் சாந்தம்மாள். பாய் வரும்வரை புருஷன் ஓட்டை டின்னோடு போகவேண்டாமே என்று, பெருவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள். இந்த டின்னுக்கு உள்ளே எண்ணெய் இல்லை, வெளியேதான் தண்ணீர், அதில் சோப்பு கரைந்துவிடும் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க, என் தப்புதானுங்க. ஈயம் சரியாப் புடிக்கலைங்க," என்றார் பாய்.

கங்காணியின் கை அவர் கன்னத்தில் இறங்கியது. இனி இந்த மலைப்பக்கம் தலை காட்டக்கூடாது என்று கூட்டம் கத்தியது.

பாய் துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகிற போக்கில், அந்த நுரையின்மேல் காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.