பின்கதவு

“கொஞ்சம் வெளியே வாயேன். கதவு ஜாம் ஆயிடுச்சு, தனியா திறக்க முடியலை.”

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். நேற்று போலீஸ் திருப்பித் தந்த கார் வாசலில் நின்றது. பின்கதவின் மேல் கால்வாய்ச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் கணவன் ஸ்க்ரூ டிரைவரோடு குந்தியிருந்தான்.

“அதை ஏங்க வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க? பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைங்க.”

“போட்டுடலாம். இந்தக் கதவை மட்டும் சரிபண்ணிட்டுப் போட்டுடறேன்.”

“சரிபண்ணி யாரை உட்கார வைக்கப் போறீங்க?”

அந்தக் கதவோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர்களுடைய நாலு வயது மகள் காரோடு மூழ்கிப் போனாள். வண்டியை ஓட்டியவள் இவள். கால்வாயில் சரிந்த காரிலிருந்து இவள் எப்படியோ வெளியே வந்துவிட்டாள். குழந்தையைப் பின்பக்கக் கண்ணாடியை உடைத்துத்தான் எடுத்தார்கள்.

“தான் பிழைச்சாப் போதும்னு கரையேறிட்டா” என்றாள், துக்கத்துக்கு வந்த அவனுடைய அக்கா, கொஞ்சமும் வாய்கூசாமல். அன்றிலிருந்து இவளுக்குச் சோறும் இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை. அழக்கூட இல்லை. முந்தாநாள் மொட்டைமாடி விளிம்பில் நின்றவளை அவன்தான் பிடித்து இழுத்துவந்தான்.

“வாம்மா. கைப்பிடியை மட்டும் இழு.”

“என்னால அதைத் தொட முடியாது.”

“எனக்காக.”

வந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். இழுத்தாள்.

“வரலை.”

“பலமா இழு.”

“வரலைங்க.” இரண்டு கையாலும் இழுத்தாள். காலை வண்டியில் ஊன்றி இழுத்தாள். “வரலையே! அன்னைக்கு நான் இழுத்தேனா, இல்ல பயத்துல விட்டுட்டு வந்துட்டேனா, எனக்கே ஞாபகம் இல்லைங்க. பெத்தவளுக்கு ஞாபகம் இல்லை!”

அவன் மறுபக்கமாகக் காருக்குள் நுழைந்தான். கதவின் உள்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினான்.

“இங்கே பார். கைப்பிடியிலேருந்து லாக்குக்குப் போற கம்பி இது. வளைஞ்சு, கழண்டு கிடக்கு. கார் விழுந்தப்பவே ஆகியிருக்கும். பத்துப் பேர் சேர்ந்து இழுத்திருந்தாலும் இது திறந்திருக்காது.”

அவள் அந்தக் கம்பியையே பார்த்தாள்.

“அப்ப நான்…”

“நீ இழுத்திருக்கே. கதவுதான் வரலை.”

அவன் உள்ளே விரலை விட்டு லாக்கைத் தள்ளினான். ‘டக்’ என்று கதவு திறந்தது. காலியான இருக்கையைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் சரிந்தாள். மகளின் செல்லப் பெயரைச் சொல்லிச் சொல்லி, தெருவே எட்டிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்தபின், “கண்ணைச் சுத்துதுங்க. கொஞ்சம் படுத்துக்கறேன்” என்றாள்.

அவளைப் படுக்க வைத்து, தூங்கிவிட்டாளா என்று குனிந்து பார்த்துவிட்டு, அவன் வாசலுக்கு வந்தான். காரின் கூரையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

அன்று காலை, அவள் அறையை விட்டு வருவதற்கு முன்பு, அவன் இழுத்துப் பார்த்த முதல் இழுப்பிலேயே அந்தக் கதவு திறந்துகொண்டது. கம்பியை வளைத்து, மறுபடி மூடி வைக்கத்தான் நேரம் பிடித்தது.