எரிச்சல் நின்ற கால்

அவர் பந்தலை விட்டு இறங்கியபோது இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

நடுத்தெருவுக்கு வந்தபோது ஒன்றுதான் இருந்தது.

மற்றது பின்னால், புதுத் தாரில், தனியாகக் கிடந்தது.

சித்திரை மதியம். நாய்கூட நிழல் பார்த்து ஒதுங்கியிருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கால் தாரில் பதிந்து பதிந்து எழுந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

பந்தலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த எங்கள் வாயெல்லாம் அப்படியே நின்றன.

தன் அண்ணன் தனுஷ்கோடியின் கருமாதிச் சாப்பாடு முடிந்து வீட்டுக்குப் போகிறார். படையல் இலை தம்பிக்குத்தான், அது எங்கள் வழக்கம். உயிரோடிருந்தவரை தனுஷ்கோடியின் கண்ணிலேயே காட்டாத ஜாங்கிரியை, இப்போது அவர் படத்துக்கு முன்னால் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். செத்தவருக்கு என்ன பத்தியம்?

தம்பி ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

"உங்களுக்கும் சுகரு இருக்குல்லண்ணே?" எதிர்வீட்டுப் பரிமளம் இலைக்கு முன்னாலேயே வந்து நின்று கேட்டாள். அவளால் கேட்காமல் இருக்க முடியாது.

"இருந்துச்சு," என்றார் அவர், விரலை நக்கிக்கொண்டே.

பொங்கலுக்கு முந்தி வரை பாதம் எரிகிறது, பாதம் எரிகிறது என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அலைந்தவர்தான். நாவல்கொட்டைப் பொடி தின்றார். எரிச்சல் நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இப்போது பாதித் தெரு அவரிடம் பொடி வாங்கித் தின்கிறது. நாங்களும்தான்.

வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வட்டாரத்திலேயே சர்க்கரையில் போகிறவர்கள் எங்கள் தெருவில்தான் அதிகமாம்.

எதிலோ ஒன்றில் முதலாவதாக வந்தோமே என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனாலும் தனுஷ்கோடியின் போஸ்டரில் மாரடைப்பு என்றுதான் போட்டோம். அவருக்கு முன்னால் போனவர்களுக்கும் அதுதான். சர்க்கரை என்று போட்டால் அந்த வீட்டில் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள்?

"சித்தப்பா! செருப்பு!"

தனுஷ்கோடியின் மகள் செண்பகம், கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கொஞ்சம் திகைத்தார். பிறகு சிரித்தார். எல்லோரும் பார்க்கும்படி வெறுங்காலைத் தாரில் இன்னொரு முறை ஊன்றிக் காட்டினார்.

"பாத்தீங்களாய்யா! ஒண்ணும் சுடல. பொடின்னா சும்மாவா?"

"எனக்கும் அரைக் கிலோ எடுத்து வைங்கண்ணே!" பரிமளம் பந்தலிலிருந்தே கத்தினாள்.

செண்பகம் நடுத்தெருவில் முட்டி போட்டாள். செருப்பை மாட்டிவிட அவர் காலைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே இருந்தாள்.

உள்ளங்கால் தோலில் கொஞ்சம் உரிந்து தாரிலேயே தங்கிவிட்டிருந்தது.

தனுஷ்கோடிக்கும் முதலில் எரிச்சல்தான் நின்றது. அவரும் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். செத்த நரம்பு எரியாது என்று பெரியாஸ்பத்திரியில் செண்பகத்திடம் சொன்னபோது, அப்பாவின் காலை எடுத்தாகிவிட்டது.

"வலிக்கலியா சித்தப்பா?"

"இல்லவே இல்லம்மா."

அவள் அந்தக் காலைக் கீழே விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள்.

அண்ணனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்றபடி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அழாத தாயி. அப்பா இல்லாட்டி என்ன, நான் இருக்கேன்ல."