மேடம், ஒரு டவுட்!

"மேடம், ஒரு டவுட்!"

பக்கத்து சீட்டில் கை உயர்ந்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். வந்துட்டாங்கய்யா டவுட் ராணி!

பிசினஸ் ஸ்கூல் நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங் வகுப்பு அது. வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் அவனுக்கு லீவு. அதையும் இந்தப் பெண்ணே தின்று தீர்த்துவிடுகிறாள்.

"கேளும்மா," என்றார் மேடம்.

"போகும்போது நாற்பது கிலோமீட்டர் வேகம். அதே வழியில திரும்பி வரும்போது அறுபது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா சராசரி அம்பதுதானே மேடம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவன் அவன்தான்.

மேடம் பொறுமையாக போர்டில் போட்டுக் காட்டினார். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் பிடிக்கும், அதனால் ஐம்பது வராது, நாற்பத்தெட்டுதான் வரும்.

அவன் தன் தாளில் எழுதியிருந்த ஐம்பதை அழித்துவிட்டு, சத்தமில்லாமல் நாற்பத்தெட்டு என்று எழுதினான். யாருக்குத் தெரியப்போகிறது?

அவனும் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்தான். எங்கே கேட்பது? ஆள் பார்சல் கம்பெனி சூப்பர்வைசர், காதோரம் நரை வேறு. முதல் நாள் அவன் உள்ளே நுழைந்தபோது, பாடம் நடத்தத்தான் யாரோ வந்துவிட்டார் என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்று 'குட்மார்னிங் சார்' சொன்னது. அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவன் 'சார்'. அந்த சார் எழுந்து நின்று டவுட் கேட்டால் மானம் கப்பலேறிவிடாதா?

வீட்டில் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இது மூணாவது தடவை. இந்தத் தடவையும் கிடைக்கலன்னா புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுடுவேன், ஆமா!"

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் எம்.பி.ஏ. என்று போட்டுக்கொண்டு அவன் தலைக்கு மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் மட்டும் அதே கோடவுனில் அதே பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறான்.

"அப்புறம், கணக்கைக் கையால போடுங்க, வாயால போடாதீங்க. நீங்க முணுமுணுக்கிறதுல குழந்தை முழிச்சுக்குது."

"நான் எங்கே முணுமுணுத்தேன்?"

"இல்ல இல்ல, சுவர் முணுமுணுத்துச்சு!"

அடுத்த ஞாயிறு. மறுபடியும் கை உயர்ந்தது.

"மேடம், ஒரு டவுட். விலையை இருபது சதவீதம் ஏத்திட்டு, அப்புறம் இருபது சதவீதம் குறைச்சா பழைய விலைதானே?"

"இதுகூடத் தெரியாம பிசினஸ் ஸ்கூலா! வெளங்கிடும்," என்று பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான் அவன்.

பின் பெஞ்ச் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் முகம் மாறாமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு நூற்றிருபதாகி, அங்கிருந்து தொண்ணூற்றாறுக்கு இறங்குவதை மேடம் விளக்கி முடிப்பதற்குள், அவன் ரப்பரைத் தேட ஆரம்பித்திருந்தான்.

தேர்வு நாளும் வந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கணக்குப் பகுதி திறந்தது. போகும்போது ஒரு வேகம், வரும்போது வேறு வேகம்.

அட, இது டவுட் ராணி கேட்டதாச்சே!

கொஞ்சம் தள்ளி, ஏறி இறங்கும் விலை. அதற்குப் பிறகு, ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் காலி பண்ணும் தொட்டி. அவன் வழக்கமாக வழுக்கி விழுகிற இடத்திலெல்லாம் 'மேடம், ஒரு டவுட்' என்ற குரல் வந்து கையைப் பிடித்து நிறுத்தியது. அவளுக்குத் தெரியாததும் தனக்குத் தெரியாததும் இப்படியா அச்சு அசலாக ஒன்றாக இருக்கும்?

"சார், வாய்க்குள்ள பேசாதீங்க. பக்கத்துல எழுதறவங்களுக்குத் தொந்தரவா இருக்கு," என்று கண்காணிப்பாளர் வந்து தோளைத் தொட்டார்.

ரிசல்ட் வந்தது. அவன் தேறிவிட்டான்! போனில் மனைவி அழுதேவிட்டாள்.

மேடத்துக்கு நன்றி சொல்ல ஓடினான். கோச்சிங் சென்டர் வாசலில் முதலிடம் பிடித்தவரின் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

டவுட் ராணி!

"இவங்களா மேடம்? எப்படி?"

"முதல் மாடல் டெஸ்ட்டுலயே கணக்குல அவ முழு மார்க் சார். அப்புறம் எதுக்கு அத்தனை டவுட் கேட்டான்னு எனக்கும் இதுவரைக்கும் புரியல."

அவள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சிரைக்க ஓடிப்போய் வழிமறித்தான்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா அந்த டவுட்டெல்லாம் கேட்டீங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அது எதுவும் என் டவுட் இல்ல சார்."

"பின்னே யாரோடது?"

"நீங்க கணக்குப் போடும்போது முணுமுணுப்பீங்க. பக்கத்து சீட்டுல எனக்கு நல்லாவே கேட்கும். எங்க தப்பு பண்றீங்கன்னும் தெரியும். நேரா உங்ககிட்ட சொன்னா, சாருக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான்..."

இது போட்டித் தேர்வு. அவன் ஒரு படி ஏறினால், அவள் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். இப்படியும் ஒரு மனுஷியா?

"எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்களே..." என்றான். 'நானும்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"சிரிச்சீங்க. ஆனா சிரிச்சுக்கிட்டே ரப்பரை எடுத்துடுவீங்க சார். எனக்கு அது போதும்."