வெறுங்கிண்ணம்

புவனேஸ்வரி வீட்டுக் கிண்ணத்தை நான் வெறுங்கிண்ணமாத் திருப்பிக் கொடுத்தது, வேணும்னுதான்.

பக்கத்து வீட்டுல இருந்து குழம்பு வந்த பாத்திரத்தை யாரும் காலியாத் திருப்ப மாட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் நல்லா விளக்கித் துடைச்சு, வெறுமனே காம்பவுண்டு சுவர் மேல வச்சேன். உறைக்கட்டும்னு வச்சேன்.

அம்புட்டுக் கோபம். காரணம் இருக்கு.

என் பிள்ளைங்க மூணு பேரும் ஸ்கூலுக்குப் போறதில்லை. நானே வீட்டுல வச்சுச் சொல்லித் தாரேன். காலையில ஜெபம், அப்புறம் கணக்கு, தமிழ், இங்கிலீஷ். மூத்தவ தேவதர்ஷினிக்கு ஒம்பது வயசு, பெலிக்ஸுக்கு ஏழு. கடைக்குட்டிக்கு ரெண்டு, மத்தவங்க நோட்டுல கிறுக்குறதுதான் அவனுக்குப் பாடம். சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே வாய்ப்பாடு ஒப்பிப்போம். அடுப்புல வெஞ்சனம் கருகுன அன்னைக்கு வகுத்தல் கணக்கு நடந்திருக்குன்னு அர்த்தம்னு என் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜ் கேலி பண்ணுவாரு. சண்டையும் சத்தமுமா நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

புவனேஸ்வரி மட்டும் மகனை வேன்ல ஏத்திவிட்டுட்டு, சுவரோரம் நின்னு தினம் கேக்கும்.

"என்ன தீபா, இன்னைக்கும் லீவா?"

நானும் சிரிச்சு வைப்பேன்.

போன திங்கக்கிழமை, திண்டுக்கல் கல்வி ஆபீஸ்ல இருந்து பழனிக்குமார்னு ஒரு அதிகாரி வந்து நின்னாரு. முன்கூட்டி ஒரு போன் கிடையாது. வீடு கிடந்த கோலத்தைக் கேக்காதீங்க. ஊறவச்ச துணி வாளி நடு வாசல்ல. கடைக்குட்டி ட்ரவுசர் இல்லாம டேபிள் மேல.

"ஒரு கடிதம் வந்திருக்கும்மா. நேர்ல பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

யார் எழுதுனதுன்னு கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதும்மான்னுட்டாரு.

பிள்ளைங்களை என் கையில இருந்து பிடுங்கி எங்கயாவது சேத்துருவாங்களோன்னு பயம். பெலிக்ஸை வாசிக்கச் சொன்னாரு, தட்டுத்தடுமாறி வாசிச்சான். தேவதர்ஷினிகிட்ட கணக்குக் கேட்டாரு. அவ என்னடான்னா, கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரி சிரிச்ச முகமா எல்லா நோட்டையும் கொண்டாந்து அடுக்குறா. ஒரு மணி நேரம் இருந்துட்டு, எழுதி அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அவரு தலை மறையுறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன். மொட்டைக் கடுதாசி போட்டது புவனேஸ்வரிதான். வேற யாருக்கு எங்க மேல கண்ணு?

தெரியாம யார் மேலயும் பழி போடாதன்னு ஆனந்த்ராஜ் சொன்னாரு. நீங்க சும்மா இருங்கன்னேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுங்கிற வேதக் கட்டளையை அன்னைக்குக் காலையிலதான் மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தேன். அது பிள்ளைங்களுக்கு.

சாயங்காலம் கிண்ணம் வெறுமனே சுவர் ஏறிருச்சு.

மறுநாள் அதே சுவர் மேல ஒரு கட்டு முருங்கைக்காய். புதன்கிழமை ஒரு படி தட்டாம்பயறு. வியாழக்கிழமை தூக்குவாளி நிறைய இட்லி மாவு. அந்த 'லீவா'வும் நின்னுபோச்சு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான செய்யும்னு நினைச்சுக்கிட்டேன். முகம் கொடுத்துப் பேசலை. மாவை மட்டும் எடுத்து வச்சேன். மாவு மேல எனக்கென்ன கோபம்?

சனிக்கிழமை தபால்காரர் காத்தமுத்து ஒரு கவரைக் கொடுத்தாரு. தேவதர்ஷினி பேருக்கு. பிரிச்சுப் படிச்சேன்.

"செல்வி தேவதர்ஷினிக்கு. பக்கத்து வீட்டுத் தம்பியின் பள்ளிக்கு மட்டும் ஆய்வுக்குப் போகிறீர்களே, எங்கள் வீட்டுப் பள்ளிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தாய். வந்து பார்த்தேன். நீ கேட்டுக்கொண்டபடி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் டீச்சர் நன்றாகச் சொல்லித் தருகிறார். கொஞ்சம் பயப்படாமல் இருக்கலாம். பழனிக்குமார்."

போன மாசம் கடிதம் எழுதுற பாடம் நடத்துனேன். யாருக்காவது நிஜமா எழுதிப் போடணும்னு ஸ்டாம்பு கொடுத்ததும் நான்தான். அவ அத்தைக்குப் போட்டிருப்பான்னு நினைச்சிருந்தேன்.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீ வீட்டைக் கூட்டிப் பெருக்கி வச்சிருவம்மா. திடீர்னு வந்தாத்தான் ஆய்வாம்."

சிரிச்சேன். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்து, வெக்கத்துல மேலெல்லாம் கூசிப்போச்சு. அவசர அவசரமா சேமியா பாயாசம் காய்ச்சி, மாவு வந்த தூக்குவாளியில ஊத்திக்கிட்டு ஓடினேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நான் அன்னைக்கு..."

புவனேஸ்வரியக்கா என்னை முடிக்க விடலை. யாரும் கேக்குறாங்களான்னு தெருவை எட்டிப் பாத்துட்டு, என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"நீதான்டி என்னை மன்னிக்கணும். பீஸ் கட்ட வழியில்லாமத்தான் பிள்ளைங்களை வீட்டுல வச்சிருக்கன்னு தெரியாம, தினம் லீவா லீவான்னு கேலி பண்ணிட்டேன். கிண்ணத்துல போட ஒரு கை சீனிகூட இல்லைன்னு கண்டப்புறம்தான எனக்கு உறைச்சுச்சு."