மதுரையிலிருந்து ஒரு மணி நேரம்

“மதுரையிலேருந்து கொழும்புக்கு பிளேன்ல ஒரு மணி நேரந்தானாம். அப்படிப் பறந்து வந்த மனுசனுக்கு டயகமவுக்கு வர இவ்வளவு நேரமா?”

பக்கத்து வீட்டுக் காளியாயி கேட்டதும் மனோரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பறக்குறது லேசுக்கா. மலை ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மகள் தனுஜா பெரிய பிள்ளையாகி இன்றைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு. நல்ல நேரம் முடியப் போகிறது. முதல் செம்புத் தண்ணீரை மூத்த தாய்மாமன்தான் ஊற்ற வேண்டும். அந்த மூத்த மாமன் அழகுமுத்து, மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரிய ஆள், நேற்றே கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார்.

அவள் தம்பி பொன்னையா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான்.

“அக்கா, நேரம் போகுது. நானே ஊத்திரவா?”

“வச்சிட்டுத் தள்ளி நில்லு தம்பி. மூத்தவரு இருக்கயில நீ ஊத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

பொன்னையா செம்பை வைத்துவிட்டு ஒதுங்கினான். தகப்பனில்லாத தனுஜாவைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அவன். அவள் பெரியவளான அன்று பச்சைக்கிளை வெட்டிவந்து குடிசை கட்டியவனும் அவன்தான். புதுச் சட்டையும் அதுவுமாக அவன் ஓரத்தில் நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மனோரஞ்சிதம் போன் போட்டாள்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“கினிகத்தேனையில தங்கச்சி. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. வண்டி ஒன்னும் நகரல.”

“எப்ப வருவீங்க?”

“சொல்ல முடியாதும்மா. எனக்காகக் காத்திருக்க வேணாம். நேரத்தை விட்டுறாத.”

போன் கட்டானது. திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. இன்னொரு தரமும் எடுக்கவில்லை.

“பாத்தியா? காசு வந்தா சொந்தம் மறந்துரும்” என்றாள் காளியாயி.

இந்தத் தடவை மனோரஞ்சிதம் அண்ணனுக்காக வாதாடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இனி அவரு வந்தா என்ன, வராட்டி என்ன? தம்பி, செம்பை எடு. நீயே ஊத்து.”

பொன்னையா ஊற்றினான்.

“மெதுவா மாமா, குளிருது!” என்று தனுஜா சிரித்தாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

அந்த நேரம் லயத்துக்குக் கீழே, இரண்டாவது வளைவில், சவுக்கு மரத்தடியில் ஒரு வேன் நின்றிருந்தது. காலையிலிருந்தே அது அங்கேதான் நிற்கிறது.

சாரதி திலக்ஷனுக்குப் பொறுக்கவில்லை.

“ரோட்டு நல்லாத்தானே இருக்குங்க ஐயா. அஞ்சு நிமிசத்துல போயிரலாம். மரம் விழுந்திருச்சுன்னு ஏன் பொய் சொன்னீங்க?”

மேலேயிருந்து வந்த குலவைச் சத்தம் அடங்கும்வரை அழகுமுத்து காதுகொடுத்துக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இப்ப வண்டிய எடு. நான் முன்னாடியே போய் நின்னிருந்தா, அந்தப் புள்ளைய வளத்த என் தம்பி கையில செம்பைக் குடுத்திருப்பாங்களா?”