மூன்றாம் நம்பர் மிஷின்

"எம் புள்ளைய எவனோ தொட்டுட்டான்டா!" என்று ஜோவின் கத்தியதில் காலேஜ் கேண்டீன் ஒரு நொடி அமைதியானது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது ஞாபகம் வந்ததும் எல்லோரும் மறுபடி வடை தின்னப் போய்விட்டார்கள்.

பிள்ளை என்றது ஒரு பாட்டை. ஆம்பூர் பஜார் மாடியில் வேதாசலம் சார் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில், மூன்றாம் நம்பர் மிஷினில், தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை மவுஸைப் பிடித்துக் கட்டம் கட்டமாக அடுக்கி அவன் செய்துகொண்டிருந்த பாட்டு. வெள்ளிக்கிழமை காலேஜில் போட்டி. ஜெயித்தால் ஆண்டு விழாவே அந்த இசையோடுதான் தொடங்கும்.

கிறிஸ்துமஸ் லீவில் அவன் சேர்ந்த முதல் நாள், சார் இசை சாஃப்ட்வேரைத் திறந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளே ஏற்கெனவே ஒரு தாளமும் கொஞ்சம் வயலினும் இருந்தன. டைப்ரைட்டிங் கிளாஸில் முதல் பாடத்தை அவர்களே அச்சடித்துக் கொடுப்பார்களே, அது மாதிரி என்று நினைத்து, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு மேலே தபேலா போட ஆரம்பித்தான்.

பத்து நாள் ஜோராகப் போனது. லீவு முடிந்த பிறகுதான் வினை. சாயங்காலம் இவன் போட்ட தபேலா மறுநாள் இருப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் வந்து உட்கார்ந்திருக்கும். புல்லாங்குழல் நன்றாக வேறு இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அந்த மிஷின்ல என் பாட்டு இருக்கறது உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?" என்று எதிரே இருந்த பரணிதரனைக் கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து தோஸ்த். அந்த மெட்டுக்கு வரிகள் எழுதியவனும் அவன்தான்.

"இன்னாடா பேசற? எனக்கு மவுஸையே புடிக்கத் தெரியாது. நான் போயி புல்லாங்குழல் ஊதுவேனா?"

"அப்ப காலைல முதல் ரெண்டு பீரியடு எங்க போற? ஒரு வாரமா ஆளையே காணோம்."

"அப்பா தோல் டேனரில வழுக்கி உழுந்துட்டாரு, கால்ல கட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன்னு சொன்னேன்ல?"

"நல்லா விடற கதை."

பரணி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அன்று மாலை ஃபைலின் பெயரை 'தொடாதே' என்று ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்தான் ஜோவின். மறுநாள் வந்து பார்த்தால் தபேலா போயிருந்தது. ஃபைலின் பெயர் 'நீ தொடாதே' என்று இருந்தது.

இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இவ்வளவு வாய்க்கொழுப்பா என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டிக்கான ஃபாரத்தில் 'வரிகள்: பரணிதரன்' என்பதைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தான். 'இசை: ஜோவின்' மட்டும் மிச்சம் இருந்த ஃபாரத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பின்னாலேயே பரணி நின்றிருந்தான்.

"என் வரி வேணான்னா வேணான்னு சொல்லியிருக்கலாம்டா," என்றான் பரணி. "கேண்டீன் பூரா திருடன்னு சொல்லியிருக்க வேணாம்."

அவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிடுவது என்று ஜோவின் முடிவு செய்திருந்தான்.

வியாழக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு சென்டர் படியேறினான். கதவில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. மாலையில் அப்படி எதையும் அவன் பார்த்ததில்லை. குறுக்கே ஸ்டூல் போட்டு வேதாசலம் சார் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பத்துலேர்ந்து பன்னெண்டு லேடீஸ் பேட்ச். பசங்க உள்ள வரக்கூடாது. அவங்க வூட்ல கேட்டா எனக்குப் பேஜாராய்டும்."

"ஒரே நிமிஷம் சார். என் பாட்டத் திருடறவன் உள்ளதான் இருக்கான்."

"உள்ள ஏதுப்பா 'வன்'? எல்லாம் பொண்ணுங்க."

அப்போது உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. அதே வயலின், அதே தாளம். தபேலா மட்டும் இல்லை.

"இதோ! இதான் சார் என் பாட்டு! நேத்துகூட தபேலா போட்டுட்டுப் போனேன்!"

பாட்டு நின்றது. திரையை விலக்கிக்கொண்டு புர்கா அணிந்த ஒரு பெண் வந்து நின்றாள். காலை பேட்சில் மூன்றாம் நம்பர் மிஷின் அவளுக்குத்தான். பெயர் அஃப்ஸர் ஜஹான். ஜோவினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாரிடம் திரும்பினாள்.

"நோம்புக்கு முன்னாடியே நான் ஆரம்பிச்ச பாட்ட, நோம்பு லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து எவனோ தினம் நாசம் பண்றான்னு கம்ப்ளைண்ட் குடுத்தேன்ல சார்? அந்தத் திருடன் இவருதான்."