கியர் வண்டிதானா

கார்க் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தான்.

ஒன்றும் தெரியவில்லை. அவன் மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது.

பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியவன் அவன். மேலே, இரண்டாவது மாடியில், அவன் வீட்டு சோபாவில் இந்தக் காரின் சொந்தக்காரன் சிவநேசன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் ஆபீஸ்காரன். கொஞ்ச நாளாகவே மாலையில் அவளைத் தெருமுனையில் கொண்டுவந்து விடுகிறவன். இன்று தங்கையின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

பஸ்ஸில் நசுங்கி வருவதற்கு இது தேவலை என்று முதலில் இவனே பெரிய மனது பண்ணிச் சொன்னான். அந்தப் பெரிய மனது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

இது கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

கியர் வண்டி என்றால் ஓட்டுகிறவனின் இடது கைக்கு வேலை இருக்கும். சிக்னல், வேகத்தடை, குறுக்கே வரும் மாடு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் அந்தக் கை சும்மா இருக்கும். இடது பக்கத்து சீட்டில் அவள் இருப்பாள்.

சும்மா இருக்கிற கை எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன. அவனும் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன்தான்.

அவளிடமே கேட்டிருக்கலாம். எதற்கு என்பாள். அதற்கு என்ன சொல்வது?

யூடியூபில் தேடினான். அந்தச் சின்ன வண்டி இரண்டு விதத்திலும் வருகிறதாம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம். பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

இன்று மணியடித்ததும் இவன் கதவைத் திறந்தபோது இருவரும் சேர்ந்து நின்றார்கள். அவள் முகம் பூரித்திருந்தது. மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. ஏசி காரில் வந்தவளுக்கு என்ன வியர்வை?

வயிறு எரிந்தது. வாங்க வாங்க என்று சிரித்தான்.

செல்போன் டார்ச்சைக் கண்ணாடியில் வைத்து அடித்தான்.

கியர் ராடு தெரிந்தது. அதன் உருண்டைத் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். வெளிச்சத்தைக் கீழே சாய்த்தான். பெடல் மூன்று. கிளட்ச் இருந்தது.

"என்ன சார், இதே மாதிரி ஒண்ணு வாங்கப்போறீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

"சும்மா பாத்தேண்ணே."

உடம்பே லேசானது. பாவம், சிவநேசன். தங்கைக்குக் கல்யாணம் பண்ணப்போகிறான், ஆயிரம் அலைச்சல் இருக்கும். பாலோடு சேர்த்து அவனுக்கு ஒரு பாக்கெட் முறுக்கும் வாங்கலாம் என்றுகூடத் தோன்றியது.

டார்ச்சை அணைக்கப் போனவன் டிரைவர் சீட்டைப் பார்த்தான்.

சீட் ஸ்டீயரிங்கோடு ஒட்டி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. சிவநேசன் ஆறடி. அங்கே உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

சீட்டின்மேல் ஒரு குஷன். மஞ்சள் பூப்போட்டது. இவன் வீட்டு சோபாவில் போன வாரத்திலிருந்து காணாமல் போயிருந்தது. கேட்டதற்குத் துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றாள்.

டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

இவனிடமும் பழைய கார் ஒன்று உண்டு, கியர் வண்டிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலேஜ் மைதானத்தில் அவளை ஓட்டச் சொன்னான். கியர் மேல் அவள் கை, அவள் கைமேல் இவன் கை. முதலில் நன்றாகத்தான் இருந்தது. அவள் கிளட்ச்சைச் சட்டென்று விட்டாள். வண்டி குலுங்கி நின்றது. திரும்பவும் நின்றது. இவன் போட்ட சத்தத்தில், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்றான். அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு ஓட்டக் கேட்டதே இல்லை.

"என்னங்க."

நிமிர்ந்தான். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். முகத்தில் அதே பூரிப்பு. அவன் கையிலிருந்த டார்ச்சையும் காரையும் பார்த்தாள்.

"பாத்துட்டீங்களா? நானே சொல்லலாம்னு இருந்தேன். மெயின் ரோட்ல ஓட்டிட்டு வந்தேன்."

தலையை ஆட்டினான். பால் வாங்கணும் என்று கையைக் காட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

கற்றுக்கொடுக்கிறவன் கை எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட இந்த நேரத்தில் நினைக்க முடிந்தது. எரிந்தது வேறு இடத்தில்.

எத்தனை தடவை வண்டி குலுங்கி நின்றிருக்கும்.

சிவநேசன் ஒரு தடவைகூடக் கத்தியிருக்க மாட்டான்.